அசனமும் வாறுகாலும்

தூத்துக்குடிப் பனிமய அன்னையின் பேராலயத்தில் ஜூலை 26 அன்று கொடி ஏறிவிட்டால், நகரமே வேறொரு கணக்கில் நாட்களை எண்ணத் தொடங்கிவிடும். ஆகஸ்ட் 5 வரை உள்ளே நவநாளும் மறையுரையும்; வெளியே ராட்டினமும் வளையல் கடையும். 2023-ஆம் ஆண்டு அன்னையின் தங்கத் தேர் வீதிகளில் வலம் வந்தபோது, வடத்தைப் பற்றியிருந்த கைகளில் எவை கத்தோலிக்கரின் கைகள், எவை பிற சமயத்தாரின் கைகள் என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. 1866-இல் நகராட்சியான இவ்வூர் மாநகராட்சியாக உயர்ந்ததும் 2008 ஆகஸ்ட் 5 அன்றுதான். அதைத் தற்செயல் என்று சொன்னால் எங்கள் பங்கின் பாட்டிமார் ஒப்புக்கொள்வதில்லை. சிவன் கோயில் தேரோட்டம், தர்காக்களின் கந்தூரி, தென்னிந்தியத் திருச்சபையாரின் அசனப் பண்டிகை, பள்ளிகளின் ஆண்டு விழா, இரத்ததான முகாம், கண் சிகிச்சை முகாம் என்று ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தெருவில் ஏதேனும் ஒரு பந்தல் நின்றுகொண்டேயிருக்கும். பெருநகரங்களில் நிகழ்ச்சியை நடத்துவோர் ஒரு கூட்டம், பார்த்துவிட்டுப் போவோர் ஒரு கூட்டம். சிறு நகரத்தில் இருவரும் ஒருவரே.

இவை யாவும் நல்லவை. இவற்றைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. திருவிழா இல்லாத ஊரில் பங்குத்தந்தையாக இருக்க எனக்கு விருப்பமுமில்லை. ஆனால், திருவிழா முடிந்த மறுநாள் காலை என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றித்தான் சில காலமாக என் மனம் சுழன்றுகொண்டிருக்கிறது.

அந்தக் காலையில் முதல் திருப்பலிக்கு மணி அடிக்கும் முன்பே தெரு சுத்தமாகியிருக்கும். இலைகளும் காகிதத் தட்டுகளும் தண்ணீர்ப் பொட்டலங்களும் போன இடம் தெரியாது. இருட்டு விலகும் முன்னரே தூய்மைப் பணியாளர்கள் வந்து, கூட்டி அள்ளிப் போயிருப்பார்கள். கொடியிறக்க நாளில் நன்றியுரை ஆற்றும்போது காவல்துறையினர் முதல் ஒலி, ஒளி அமைத்தவர் வரை, பந்தல்காரர் முதல் பூ அலங்காரம் செய்தவர் வரை நாம் ஒருவரையும் விடுவதில்லை. மறுநாள் வரப்போகிறவர்களுக்கு எப்படி முந்தின நாளே நன்றி சொல்வது என்று கேட்கலாம். மின்கட்டணத்தை முன்பணமாகக் கட்டத் தெரிந்த நமக்கு இது மட்டும் ஏன் தெரியாமற்போயிற்று?

திருவிழாவில் ஆயிரம் பேருக்கு அசனம் போடுகிறோம். அது பிறரன்பு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. நோயுற்றோரைச் சந்திப்பது, பள்ளிக் கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைக்கு உதவுவது, இவையும் பிறரன்பு. ஆனால் குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வருவதும், தெருவிளக்கு எரிவதும், வாறுகால் அடைபடாமல் ஓடுவதும், குப்பை நாள்தோறும் அள்ளப்படுவதும் என்ன? "அது முனிசிபாலிட்டிக்காரன் வேலை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். மாநகராட்சி ஆகிப் பல ஆண்டுகளாகியும் இந்த வாக்கியம் மட்டும் மாறவில்லை. முன்னதற்கும் பின்னதற்கும் இடையே நாம் போட்டிருக்கும் இக்கோடு நற்செய்தி போட்ட கோடுதானா?

நம் தமிழ் மரபு இக்கேள்வியை முன்பே சந்தித்திருக்கிறது. வள்ளுவர் 'ஈகை' என்று ஓர் அதிகாரம் வைத்தார். அது 23-ஆவது. அதற்கு முன்னே, 22-ஆவதாக, 'ஒப்புரவறிதல்' என்று மற்றோர் அதிகாரம் வைத்தார். இல்லாதவனுக்குக் கொடுப்பது ஈகை. ஒப்புரவு அதுவன்று. ஊரோடு ஒத்து வாழ்கிறவன் ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை அது. அதற்கு அவர் காட்டும் உவமைகளுள் ஒன்று, ஊரார் நீர் உண்ணும் குளம் நிறைந்திருப்பது. குளத்தங்கரையில் நின்றுகொண்டு யாரும் பெறுவோரின் பெயரைக் கேட்பதில்லை. கொடுத்தவர் யாரென்று பெறுவோரும் கேட்பதில்லை. ஏழை பணக்காரன் என்ற பாகுபாடும் அங்கில்லை. ஈகைக்கு முன்னே ஒப்புரவை வைத்த வரிசையை நான் பல ஆண்டுகள் கவனிக்காமலே இருந்தேன். குருமடத்தில் எங்களுக்குத் திருக்குறள் கற்பித்தவர் இதைச் சொல்லியிருக்கவும் கூடும். மதிய உணவுக்குப் பிந்திய வகுப்பு அது.

தூத்துக்குடிக்கு இந்த உவமை வெறும் உவமையன்று. கடலோரத்து நிலம், கிணறு வெட்டினால் உவர்நீர். துறைமுகம் வளர்ந்து மக்கள் பெருகப் பெருகக் குடிநீர்ப் பஞ்சமும் பெருகிற்று. இந்நிலையில், தாமிரபரணித் தண்ணீரை 25 கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலுள்ள வல்லநாட்டிலிருந்து குழாய் வழியே நகருக்குக் கொண்டு வந்து சேர்த்தவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. 1869-இல் பிறந்தவர், பரதவர் குலத்துக் கத்தோலிக்கர், 1909 முதல் 1927 வரையுள்ள காலத்தில் பலமுறை நகராட்சித் தலைவராக இருந்தவர். 1927-இல் அத்திட்டம் நிறைவேறியது. 1930-இல் அவர் இறந்தார். நகரின் நடுவே அவருடைய சிலை நிற்கிறது. அண்மைக் காலத்தில் மணிமண்டபமும் எழுந்திருக்கிறது. அவருக்கு நாம் மாலை அணிவிக்கிறோம். ஆனால் அவர் செய்தது எத்தகைய செயல் என்று நாம் மறையுரையில் பேசியதுண்டா? ஒரு பொதுநிலையினர் கோயில் கட்டினால் அது பக்தி, அனாதை இல்லம் கட்டினால் அது பிறரன்பு என்று நமக்குச் சொல்லத் தெரியும். நகராட்சிக் கூட்டத்தில் அமர்ந்து, மதிப்பீடுகளைப் படித்து, சென்னைக்குக் கடிதம் எழுதி, எதிர்ப்போரோடு வாதாடி, குழாய் பதித்தால் அதற்கு நம்மிடம் பெயரே இல்லை. தாகமாயிருந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தவரை அரசர் வலப்புறம் நிறுத்துவார் என்று மத்தேயு எழுதுகிறார். ஒரு குவளைத் தண்ணீருக்கே கைம்மாறு உண்டென்றால், ஒரு நகரத்தின் தண்ணீருக்கு?

அதே 1927-ஆம் ஆண்டின் டிசம்பர் 18 அன்று, திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் இத்தாலியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆற்றிய உரையில், அரசியல் என்பது மிகப் பரந்த அன்பின் களம் என்ற கருத்தைக் கூறினார். வல்லநாட்டுத் தண்ணீரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரிந்திராது. இவ்வுரையைப் பற்றிக் குரூஸ் பர்னாந்துக்கும் தெரிந்திராது. எனினும் இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. திருத்தந்தை பிரான்சிஸ் 2020-இல் வெளியிட்ட தம் சுற்றுமடலில் பத்திநாதரின் அக்கருத்தை நினைவுகூர்ந்து, எளிய எடுத்துக்காட்டு ஒன்றைத் தந்தார். முதியவர் ஒருவர் ஆற்றைக் கடக்க உதவுவது அன்பு. அந்த ஆற்றுக்குப் பாலம் கட்டுவிப்பதும் அன்பே. முன்னதை நாம் ஓவியமாக வரைந்து ஞானோபதேச வகுப்பில் மாட்டியிருக்கிறோம். பின்னதற்கு ஓவியம் வரைவது கடினம். பாலத்தில் போகிறவர்கள் பாலத்தைப் பார்ப்பதேயில்லை.

இங்கே ஒரு தடை எழும். அது அற்பமான தடையன்று. முகம் தெரியாத அன்பு அன்பாகுமா? குழாய்க்கு இதயமுண்டா? நல்ல சமாரியர் காயம்பட்டவரைத் தம் கையால் தொட்டார், எண்ணெய் வார்த்தார், தம் விலங்கின்மீது ஏற்றினார். அவர் எரிக்கோ நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதிவிட்டுப் போகவில்லையே! நானும் ஒரு காலத்தில் இப்படி வாதாடியவன்தான். பிரெஞ்சு மெய்யியலாளர் பால் ரிக்கர் 1950-களில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நேருக்கு நேர் சந்திக்கும் அயலாரிடம் மட்டுமே அன்பு இருக்கிறது, அமைப்புகளில் இல்லை என்று எண்ணுவது பிழை என்பது அவருடைய கருத்து. அமைப்பின் வழியே எட்டும் அன்பு, அதைச் செலுத்துவோருக்கே பல வேளைகளில் மறைந்திருக்கிறது. மத்தேயு நற்செய்தியில் நீதிமான்கள் "எப்போது உம்மைக் கண்டோம்?" என்ற பொருளில் வியந்து கேட்கிறார்கள் அன்றோ? அவர்களுக்கும் தெரியவில்லை.

சமாரியர் கதையில் இன்னொருவரும் இருக்கிறார். சாவடிப் பொறுப்பாளர். அவரைப் பற்றி நாம் மறையுரை வைப்பதில்லை. சாவடி ஒன்று அந்தப் பாதையில் திறந்திருந்ததால்தான் சமாரியரின் இரக்கம் அன்று இரவைத் தாண்டி நின்றது. இரண்டு தெனாரியம் வாங்கிக்கொண்டவர்தானே என்று அவரைத் தள்ளிவிட வேண்டாம். நம் தூய்மைப் பணியாளரும் கூலி வாங்குகிறவர்தாம். அதுவும் எவ்வளவு கூலி என்று கேட்டறிந்தால் நாம் தலைகுனிய நேரும். கூலி வாங்கிச் செய்தால் அது தொண்டாகாது என்றால், திருப்பலிக் காணிக்கை பெறுகிற நானும் அல்லவா கணக்குக் கொடுக்க வேண்டும்!

இதுவரை எழுதியது நூல்களிலிருந்தும் படித்ததிலிருந்தும் வந்தது. இனி எழுதப்போவது நான் பட்டது. இவ்விரண்டில் எது இக்கட்டுரையை எழுத வைத்தது என்று வாசகர்களே அறிவார்கள்.

நான் பங்குத்தந்தையாக இருந்த ஒரு பங்கு, பெயர் வேண்டாம். ஆலயத்தின் பின்புறம் மதிலையொட்டி ஒரு வாறுகால் ஓடிற்று. அகலம் மூன்றடிக்கு மேல் இராது. மழைக்காலம் நீங்கலாகப் பெரும்பாலும் வறண்டே கிடக்கும். நாற்றமும் கொசுவும்தான் அதன் அடையாளம். அதற்கப்பால் தாழ்ந்த நிலத்தில் முப்பது, நாற்பது வீடுகள் கொண்ட ஒரு தெரு. மீன் விற்போர், உப்பளத்தில் வேலை செய்வோர், கட்டட வேலைக்குச் செல்வோர். எங்கள் பங்கைச் சேர்ந்த குடும்பங்கள் அத்தெருவில் பாதிக்குமேல் இல்லை.

எங்கள் திருவிழா அசனத்திற்குச் சமையல் செய்ய ஒழுங்கான இடம் கிடையாது. அண்டாக்களையும் கிடாரங்களையும் மண்ணில் வைத்து, கோட்டை அடுப்பு வெட்டி, மழை பெய்தால் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். 2019-இல் பங்குப் பேரவையில் ஒரு யோசனை வந்தது. வாறுகாலின்மேல் காங்கிரீட் தளம் போட்டு, மதிலைச் சிறிது தள்ளி, நிரந்தரச் சமையற்கூடம் கட்டிவிடலாம் என்றார்கள். கப்பலில் வேலை செய்யும் ஓர் அன்பர், தம் தாயாரின் நினைவாக முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டார். தண்ணீர் போக உள்ளே ஒரு குழாய் போட்டால் போதும் என்று கொத்தனார் சொன்னார். குழாய் போட்டோம். இவ்வளவு அகலம் போதுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் அனுமதியும் கேட்கவில்லை. ஆலயத்துக்கு ஆகும் நற்காரியம், ஏழைகளுக்குச் சோறு ஆக்கும் இடம், இதற்கெல்லாம் அனுமதியா என்ற எண்ணம். அந்த எண்ணத்துக்கு முதல் சொந்தக்காரன் நான். திருவிழாவுக்கு முந்தின ஞாயிறன்று அத்தளத்தைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தவனும் நானே. 'உபயம்' என்று பொறித்த கருங்கல்லைத் திறந்துவைத்தபோது, அத்தாயின் பேரப்பிள்ளைகள் கைதட்டியது இன்றும் என் காதில் இருக்கிறது.

கொரோனா காலத்தில் அசனம் இல்லை. 2022-லும் 2023-லும் மீண்டும் சிறப்பாக நடந்தது. சுற்றுத் தெருக்காரர்கள் எல்லாரும் வந்து உண்டார்கள். பின்தெருக்காரர்களும் வந்தார்கள்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களைத் தென்மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டில் பெய்ய வேண்டியதற்கு மேற்பட்ட மழை அது. தாமிரபரணி கரை மீறியது, குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோக, நூற்றுக்கணக்கான பயணிகள் உள்ளேயே சிக்கிக்கொண்டார்கள். அக்கம்பக்கத்து ஊரார் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டார்கள். தூத்துக்குடித் தெருக்களில் மீனவர்கள் படகு விட்டு மக்களை மீட்டார்கள். கடலில் ஓட வேண்டிய படகு கடைவீதியில் ஓடியதைக் கண்டவன் நான். அரசு ஊழியர்களும் மின்வாரியத்தாரும் தூய்மைப் பணியாளர்களும் இடுப்பளவு நீரில் நின்று உழைத்தார்கள். வெளி மாவட்டங்களிலிருந்தும் பலர் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பலருடைய வீடும் தண்ணீரில்தான் இருந்தது.

அந்த நாட்களில் எங்கள் பங்கு தன் கடமையைச் செய்தது என்றே நான் எண்ணினேன். பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டோம். இளைஞர்கள் இரவும் பகலும் ஓடினார்கள். அந்தச் சமையற்கூடத்தில் மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது. இதற்காகத்தானே இறைவன் இவ்விடத்தை முன்கூட்டியே தந்தார் என்று ஒரு மாலைச் செபத்தில் நான் நன்றிகூடச் சொன்னேன். அச்செபத்தை இப்போது நினைத்தால் உடல் கூசுகிறது.

மழை ஓய்ந்தது. மற்றத் தெருக்களில் நீர் மெல்ல வடிந்தது. பின்தெருவில் மட்டும் வடியவில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின நாள்வரை முழங்காலுக்கு மேல் கறுத்த நீர் நின்றது. அன்று அன்பியப் பொறுப்பாளர்களோடு நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அரிசி, பருப்பு, போர்வை கொடுக்கப் போனேன். ஒரு வீட்டில் கட்டிலின்மேல் கட்டிலை அடுக்கி, அதன்மேல் மாமியாரை அமர்த்திவிட்டு, ஒரு பெண் வாசலில் நின்றாள். மீன் விற்பவள், எங்கள் சபையைச் சேர்ந்தவள் அல்லள். பொட்டலத்தை மரியாதையோடு இரு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"சாமி, அரிசி நல்ல அரிசிதான். அந்த வாறுகால எப்பம் தொறந்துவிடுவிய?"

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் ஏதேனும் ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் கேட்டது விலை கேட்பதுபோல் ஒரு சாதாரணக் கேள்வி. நான் மதிலின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஓராள் நுழைய முடியாத அந்தக் குழாயின் வாயில் இலைகளும் பிளாஸ்டிக் குவளைகளும் அடைத்துக்கொண்டிருந்தன. அவை எங்கிருந்து வந்தவை என்று எனக்குத் தெரியும். அதே மதிலுக்கு மேலே அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. நாங்கள் யாருக்குச் சோறு ஆக்கினோமோ அவர்களுடைய வீட்டில் தண்ணீரை நிறுத்தி வைத்ததும் நாங்களே. வெள்ளம் முழுவதற்கும் எங்கள் தளம் காரணமன்று. 95 சென்டிமீட்டர் மழைக்கு எந்த வாறுகாலும் ஈடுகொடுக்காது. ஆனால் மற்றத் தெருக்கள் காய்ந்த பின்னும் அத்தெருவில் நின்ற அந்தச் சில நாட்களின் தண்ணீருக்கு வேறு யாரையும் என்னால் கைகாட்ட முடியவில்லை.

அன்றிரவு சக்கேயுவின் பகுதியை எடுத்து வாசித்தேன். குருவானவர்கள் ஒரு பகுதியை நூறு முறை வாசித்தபின்பும் அதைப் பார்க்காமலே இருக்க முடியும் என்பதற்கு நானே சான்று. சக்கேயு இயேசுவின்முன் நின்று சொன்னவை இரண்டு, ஒன்றன்று. தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னான், அது ஈகை. எவரையேனும் ஏமாற்றிப் பறித்திருந்தால் நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். அது ஈடு செய்தல். முன்னதைச் செய்துவிட்டால் பின்னது கழிந்துவிடும் என்று அவன் எண்ணவில்லை. வரி வசூலித்தவனுக்குக் கணக்குத் தெரியும். நானோ பின்னதற்குரியதை முன்னதன் பேரேட்டில் வரவு வைத்துக்கொண்டிருந்தேன். அப்பெண்ணுக்கு நான் கொண்டு சென்ற அரிசி தானமன்று. கடனில் ஒரு சிறு பகுதி. அதற்கு அவள் எனக்கு நன்றி சொன்னாள் என்பதுதான் தாங்க முடியாதது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 30-ஆம் எண்ணில், உயர்ந்த கருத்துகளைப் பேசிக்கொண்டே சமூகத்தின் தேவைகளைப் பொருட்படுத்தாமல் வாழ்வோரைக் கண்டிக்கிறது. நீதியான வரியை ஏய்ப்பதையும், பொது நலவாழ்வுக்கான விதிகளைப் புறக்கணிப்பதையும், ஏன், வாகன வேக வரம்பை மீறுவதையும்கூடச் சங்கத் தந்தையர் அங்கே குறிப்பிடுகின்றனர். குருமடத்தில் இந்த ஏட்டைத் தேர்வுக்குப் படித்தோம். 30-ஆம் எண் தேர்வில் வரவில்லை. நம் செபப் புத்தகங்களில் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்ய அச்சிடப்பட்டிருக்கும் கேள்விகளைப் பாருங்கள். ஞாயிறு திருப்பலிக்குத் தவறினாயா, பொய் சொன்னாயா, பெற்றோருக்குக் கீழ்ப்படியாதிருந்தாயா என்றெல்லாம் இருக்கும். பொது வழியை அடைத்தாயா, வாறுகாலில் குப்பை போட்டாயா, வார்டுக் கூட்டத்துக்கு ஒரு முறையேனும் போனாயா என்று ஒரு கேள்வி கிடையாது. பட்டியலில் இல்லாத பாவம் மனச்சாட்சியிலும் இருப்பதில்லை.

இதில் எனக்கு வியப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு. பாவசங்கீர்த்தனத்துக்கு இன்று நாம் வழங்கும் பெயர் 'ஒப்புரவு அருட்சாதனம்'. வள்ளுவர் ஊர்க்குளத்தோடு சேர்த்துச் சொன்ன அதே சொல். மொழிபெயர்த்தவர்கள் ஒத்துப்போதல், மீண்டும் இணைதல் என்ற பொருளில்தான் அதை எடுத்திருக்க வேண்டும். 22-ஆம் அதிகாரத்தை நினைத்தே எடுத்தார்கள் என்று நான் வலிந்து சொல்லமாட்டேன். ஆயினும் சொல்லுக்கு நினைவு உண்டு. இறைவனோடு ஒப்புரவாக வருகிறவன் ஊரோடு ஒப்புரவாகாமல் கோயில் பின்வாசல் வழியே நழுவிப் போக, தமிழ் இடம் தரவில்லை. எங்கள் கோயிலின் பின்வாசலில் வாறுகால் வேறு இருந்தது.

2024 ஜனவரியில் பங்குப் பேரவையைக் கூட்டித் தளத்தை இடிக்க வேண்டும் என்றேன். எளிதாக இருக்கவில்லை. "ஊரில் ஆயிரம் ஆக்கிரமிப்பு இருக்க, சாமிக்கு நம் கோயில்தான் கண்ணில் பட்டதா?" என்றார் ஒருவர். அதில் நியாயம் இருந்தது. "இடித்தால் நாமே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும், நாளை யாராவது வழக்குப் போடுவார்கள்" என்றார் மற்றொருவர், அவர் வழக்கறிஞர். மறைக்கல்வி ஆசிரியை ஒருவர் மட்டும் எழுந்து, "சாமி, ஒப்புக்கொள்வதைத்தானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்?" என்று கேட்டுவிட்டு அமர்ந்துவிட்டார். அவரை அதன்பின் சிலர் சில மாதங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கப்பல்கார அன்பர் தொலைபேசியில் நெடுநேரம் பேசினார். அவர் வாதாடவில்லை. "எங்க அம்மா பேரில் எத்தனை பேர் சாப்பிட்டிருக்காங்க, சாமி. அந்தச் சோறும் தப்பாப் போச்சா?" என்று கேட்டார். தப்பில்லை என்றேன். பிறகு ஏன் இடிக்க வேண்டும் என்றார். நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. நல்ல மனத்தோடு கொடுத்த ஒருவரிடம், அவர் கொடுத்தது தீங்காய் முடிந்தது என்று சொல்வதற்கு எந்த இறையியல் வகுப்பும் என்னைப் பழக்கவில்லை. தீங்கின் பொறுப்பு என்னுடையது, கொடையின் நன்மை உங்களுடையது என்று பிரித்துச் சொல்லிப் பார்த்தேன். கடல் இரைச்சலோ வேறென்னவோ, மறுமுனையில் சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "சரி சாமி, அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க" என்றார்.

தவக்காலத்தின் மூன்றாம் வாரம் இடித்தோம். கூலியாட்களோடு பங்கு இளைஞர்களும் இறங்கினார்கள். இரண்டு லாரி சேறும் கழிவும் வெளியே வந்தன. அவற்றில், திருவிழா விளம்பரம் அச்சிட்ட எங்கள் தண்ணீர்க் குவளைகளும் இருந்தன, எழுத்துக்கூட அழியவில்லை. மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர்கள் நால்வர், கேட்காமலே வந்து ஓடையில் சேரும் முனைவரை அடைப்பை எடுத்துவிட்டார்கள். அன்று மதியம் அவர்களுக்குப் பந்தி வைத்தோம். அவர்கள் கைகழுவிக்கொண்டு வந்து அமர்ந்தபோது, எங்கள் பேரவை உறுப்பினர்களில் சிலர் நின்றபடியே இருந்தார்கள். பரிமாறுவதற்காகத்தான் நிற்கிறார்கள் என்று நானும் எடுத்துக்கொண்டேன்.

அவ்வாண்டுத் திருவிழா அசனத்தை மீண்டும் மண்ணில் அடுப்பு வெட்டித்தான் சமைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன்பே, மே மாதத்தில், எனக்கு மாற்றல் வந்துவிட்டது. விடைபெறப் போனபோது அந்தப் பெண் தெருமுனையில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். வாறுகால் திறந்தபிறகு கொசு அதிகம் என்றாள். மூடி போட்டுத் தருவதற்குப் புதுச் சாமியாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றாள். அள்ளி எடுக்கிற மாதிரி மூடியாக இருக்கட்டும், காங்கிரீட் வேண்டாம் என்றாள். புதியவரிடம் கொடுத்த பொறுப்புக் குறிப்பில் அதை முதலாவதாக எழுதினேன்.

கருங்கல் மட்டும் உடையவில்லை. அதை எடுத்துத் துடைத்து, பங்கு இல்லத்தின் பின்சுவரில், எழுத்து வெளியே தெரியும்படிச் சாய்த்து வைத்திருந்தேன். அந்தத் தாயின் பெயரை எங்கே பதிப்பது என்று பேரவையில் இரண்டு முறை பேசினோம். கல்லறைத் தோட்டத்தில் என்றார் ஒருவர். பள்ளியின் குடிநீர்த் தொட்டியில் என்றார் இன்னொருவர். முடிவு காணவில்லை. நான் புறப்பட்ட அன்றும் அது அங்கேயே சாய்ந்திருந்தது.